எந்தக் கணக்கில் நான்கு

எங்கள் அலுவலகத்தில் அக்காவுக்கு ஒரு பட்டப்பெயர் இருந்தது: ‘எந்தக் கணக்கு’. முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. ஆனால் யாராவது, “இந்த ஃபைல் ரெண்டு ஜிபி இருக்கு” என்று வாய் திறந்தால் போதும், நாற்காலியைத் திருப்பி, “எந்தக் கணக்குல?” என்பார். ஒருமுறை காய்கறிக் கடைக்காரர் “நாலு கிலோங்க” என்று சொன்னதற்கும் இதே கேள்வியைக் கேட்டு, அந்த மனிதர் தராசைத் தூக்கிக் காட்டிச் சண்டைக்கு வந்துவிட்டாராம். இதை அக்காவே சொன்னார். சொல்லிவிட்டு அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. அந்தக் கேள்வி எங்கே பிறந்தது என்று தெரிந்தவன் நான்.

மூக்குக் கண்ணாடிக் கடை ஒன்றுக்கு மேலே மூன்றாவது மாடியில் எங்கள் அலுவலகம். ஐந்து பேர். லிஃப்ட் பாதி நாள் ஓடாது. அக்காவின் கணவர் லிஃப்ட் மெக்கானிக். “ஊரெல்லாம் ஏத்தி இறக்குறவர் பொண்டாட்டி மூச்சு வாங்கப் படியேறுறா பாரு” என்று சொல்லிக்கொண்டேதான் காலையில் உள்ளே வருவார். அப்போது அவருக்கு நாற்பத்தொரு வயது. பள்ளிக்கூடம் போகும் ஒரு மகள். நான் நான்கு வயது இளையவன், அடுத்த மேஜை.

தொண்டை அறுவை சிகிச்சை செய்யும் ஒரு மருத்துவமனைக்கு நாங்கள் வேலை செய்தோம். குரல்வளையையே எடுத்துவிட வேண்டிய நோயாளிகளை, அறுவை சிகிச்சைக்கு முன் ஒரு சின்ன அறையில் உட்கார வைப்பார்கள். சுவரெல்லாம் பஞ்சு. ஒரு நாற்காலி, ஒரு டம்ளர் தண்ணீர், வாய்க்கு நேரே கேமரா. அறுநூறு வாக்கியங்களைப் படிக்கச் சொல்லிக் குரலையும் வாயசைவையும் பதிவு செய்வார்கள். பின்னால் அவர்கள் எழுத்தில் தட்டுவதை, அவர்களுடைய குரலிலேயே பேசும் ஓர் இயந்திரம் செய்ய அந்தப் பதிவு வேண்டும். உடம்பு தேறி அந்த வேலை தொடங்கச் சில மாதங்கள் ஆகும். அதுவரை பதிவுகளைப் பத்திரமாக வைத்திருப்பது எங்கள் மென்பொருளின் பொறுப்பு.

அந்த அறுநூறு வாக்கியங்களையும் எழுதியது அக்காதான். எழுத வேறு ஆள் இல்லை. எல்லா எழுத்தின் ஓசையும் வர வேண்டும் என்று இரண்டு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டார். பதிவுகள் சரியாகச் சேர்கின்றனவா என்று பார்க்க அவ்வப்போது ஒன்றிரண்டைக் கேட்பார். ஒரு நாள் காதில் ஹெட்ஃபோனோடு மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். என்னவென்று கேட்டேன். ஹெட்ஃபோனை என் காதில் மாட்டினார்.

மொழிப்பாடம் நடத்தும் டீச்சர் ஒருவரின் பதிவு. நாற்பத்தொன்றாவது வாக்கியம். ‘கடை தெருவில் குடையை மறந்துவிட்டு மழையில் நனைந்தபடி வந்தேன்.’ டீச்சர் முதல் சொல்லிலேயே நின்றுவிட்டார்.

“கடைத்தெரு. நடுவுல ஒரு ‘த்’ வரணும். யாருங்க இதை எழுதினது? நான் இப்படிப் படிக்க மாட்டேன்.”

யாரோ பின்னாலிருந்து சமாதானம் சொல்வது மெல்லக் கேட்டது. டீச்சர் சிரித்தார். கனமாகத் தொடங்கிய சிரிப்பு, முடியும்போது கீச்சென்று சின்னப் பெண்ணின் குரலாக உடைந்தது. “சரி விடுங்க” என்று சொல்லிவிட்டு, ‘த்’தைப் போட்டே படித்தார்.

“குரல்வளையை எடுக்கப் போறாங்க, அப்பவும் ஒற்றுப்பிழையை விடல பாரு” என்றார் அக்கா. கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரித்து வந்த கண்ணீர்தான்.

பதிவுகள் சர்வரில் நிறைந்ததும், அவற்றைப் பெரிய டிஸ்க்குகளுக்கு மாற்றிவிட்டு சர்வரைக் காலி செய்வோம். இந்த வேலையை இரண்டாகப் பிரித்துக்கொண்டோம். எந்தப் பதிவு எந்த டிஸ்க்குக்குப் போக வேண்டும் என்று திட்டம் போடுவது அக்காவின் பகுதி. திட்டப்படி டிஸ்க்கில் எழுதி, சரிபார்த்து, சர்வரில் உள்ளதை அழிப்பது என் பகுதி.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். டிஸ்க் செய்கிறவர்களுக்குக் கிலோ என்றால் ஆயிரம். மெகா, கிகா, டெரா எல்லாம் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்கியது. கணினிக்காரர்களில் பலருக்குக் கிலோ என்றால் ஆயிரத்து இருபத்து நான்கு, ஏனென்றால் இரண்டை இரண்டால் பெருக்கிக்கொண்டே போனால் ஆயிரத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கும் எண் அது. கிலோவில் வித்தியாசம் ஆயிரத்துக்கு இருபத்து நான்குதான்; யார் கண்ணிலும் படாது. ஒவ்வொரு படியிலும் அது கூடிக்கொண்டே போய், டெராவுக்கு வரும்போது நூற்றுக்குப் பத்தை நெருங்கிவிடும். இரண்டையும் ஒரே பெயரால்தான் அழைத்துவந்தோம்.

இது அக்காவுக்குத் தெரியாததல்ல. மருத்துவமனை ஸ்டோர்காரர் ஒருமுறை புது டிஸ்க் டப்பாவோடு வந்து, “மேடம், டப்பால நாலு டிபின்னு போட்டிருக்கு, கம்ப்யூட்டர்ல மூணு புள்ளி ஆறுதான் காட்டுது. கடைக்காரன் ஏமாத்திட்டானா?” என்று கேட்டார்.

“ஏமாத்தலைங்க. அவன் ஆயிரத்தால எண்ணுறான், கம்ப்யூட்டர் ஆயிரத்து இருபத்து நாலால எண்ணுது. ரெண்டும் சரிதான்” என்று அக்கா பொறுமையாக விளக்கினார். ஸ்டோர்காரர் தலையாட்டிவிட்டுப் போனார். அதே வாரத்தில்தான் அக்கா தன் திட்டப் பகுதியில், டிஸ்க்கின் அளவுக்கான கட்டத்தில் ‘நான்கு’ என்று போட்டால் அதை ஆயிரத்து இருபத்து நான்கால் நான்கு முறை பெருக்கும் வரியை எழுதினார். பழைய ப்ரோக்ராமிலிருந்து எடுத்து ஒட்டியது. கைப்பழக்கம்.

டிஸ்க்கில் உண்மையில் இருந்தது நான்கு லட்சம் கோடி பைட். அக்காவின் திட்டம் அதில் நான்கு லட்சத்து முப்பத்தொன்பதாயிரத்து எண்ணூற்றுச் சொச்சம் கோடி இருப்பதாக நம்பியது. என் பகுதி எழுதிக்கொண்டே போனது. டிஸ்க் நிறைந்ததும், இடமில்லாத ஃபைலைத் தாண்டிவிட்டு, யாரும் திறந்து பார்க்காத ஒரு பதிவேட்டில் ஒரு வரி எழுதியது. கடைசியில் சரிபார்ப்பு. திட்டமிட்ட அளவு 3.9. எழுதிய அளவு 3.9. முதல் எண் அவருடைய ஆயிரத்து இருபத்து நான்கின் கணக்கில், இரண்டாவது என்னுடைய ஆயிரத்தின் கணக்கில். திரையில் பச்சை டிக். பிறகு என் ப்ரோக்ராம் சர்வரைக் காலி செய்தது. பாதுகாப்புக்காக இரண்டு டிஸ்க்கில் இரண்டு பிரதி எடுத்திருந்தோம். இரண்டிலும் அதே வால் அறுந்திருந்தது.

மூன்று மாதம் கழித்து ஒரு காலை வேளை. மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற அம்மா ஃபோன் செய்தார். “அந்த டீச்சரோட குரலை எடுக்கணும். லிஸ்ட்ல பேர் இருக்கு, திறந்தா ஒண்ணும் இல்லையே?”

அக்கா தேடினார். பிறகு என்னைத் தேடச் சொன்னார். பதினொரு மணிக்குள் எண்ணி முடித்துவிட்டோம். இருநூற்றுச் சொச்சம் பேரில் பத்தொன்பது பேர் இல்லை. பழையது முதலில், புதியது கடைசியில் என்ற வரிசையில் எழுதியதால், அந்தப் பத்தொன்பதும் கடைசியாகப் பதிவு செய்தவர்கள். அதாவது, குரல் இயந்திரம் இன்னும் செய்யப்படாதவர்கள்.

“என் வரிதான்” என்றார் அக்கா.

“தாண்டிப் போகச் சொன்னது என் வரி. அழிச்சதும் நான்தான்” என்றேன்.

“நீ டிஸ்க்கைக் கேட்டு எழுதின. நான் கேக்காமலே தெரிஞ்ச மாதிரி எழுதினேன்.”

அழிந்ததை மீட்கத் தெரிந்த ஒருவர் ஒன்பது நாள் சர்வரைக் கிளறினார். அதற்குள் புதுப் பதிவுகள் மேலே எழுதப்பட்டிருந்தன. இரண்டு பேருடையது பாதிக்கு மேல் கிடைத்தது. ஆறு பேருக்கு இன்னும் அறுவை சிகிச்சை ஆகவில்லை. மறுபடி அழைத்துப் பதிவு செய்துகொண்டார்கள். ஒருவர் இறந்துவிட்டிருந்தார். மீதிப் பத்துப் பேருக்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

எங்கள் முதலாளி கதவைச் சாத்திவிட்டு, “டிஸ்க் பழுதுன்னு ஒரு கடிதம் போட்டுடலாம்மா. பொய்னு யாருக்குத் தெரியப் போகுது?” என்றார்.

“டிஸ்க் நல்லாத்தான் சார் இருக்கு” என்றார் அக்கா. “நானே போய்ச் சொல்றேன்.”

பேச்சுப் பயிற்சி அம்மாவும் அக்காவும் நானுமாக வீடு வீடாகப் போனோம். கத்தக்கூட முடியாதவர்களிடம் போய், உங்கள் குரல் தொலைந்துவிட்டது என்று சொல்லும் வேலை. ஒரு தச்சர் எழுந்து வாசல் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். நாங்கள் வெளியே வந்தோம். ஒரு பெண் தாளில், ‘பரவாயில்லை’ என்று எழுதி, அதையே மறுபடி மறுபடி அடிக்கோடிட்டுக்கொண்டிருந்தார். தாள் கிழிந்தது.

டீச்சர் வீட்டுக்குக் கடைசியாகப் போனோம். இரண்டாவது மாடி, சின்னக் கூடம். ஜன்னல் ஓரம் அவருடைய கணவர் எங்களுக்கு முதுகு காட்டி நின்றிருந்தார். டீச்சர் கழுத்தில் மெல்லிய துணி. மடியில் சிலேட்டு. அக்கா எல்லாவற்றையும் சொன்னார், ஆயிரம், ஆயிரத்து இருபத்து நான்கு என்று அந்த எண்களையும் விடாமல். டீச்சர் வகுப்பில் பதில் சொல்லும் மாணவியைப் பார்ப்பதுபோல் கவனித்தார். பிறகு எழுதினார்.

‘வாக்கியம் எழுதியது யார்?’

“நான்தாங்க” என்றார் அக்கா.

‘கடை தெரு?’

“ஆமாங்க.”

டீச்சர் அழித்துவிட்டு மறுபடி எழுதினார். ‘அப்படியென்றால் கேட்டிருக்கிறீர்கள். எப்படி இருந்தது என் குரல்? இவர் சரியாக நினைவில்லை என்கிறார். முப்பது வருஷம் கேட்டவர்.’

ஜன்னலோரம் நின்றவர் அசையவில்லை.

அக்கா உதட்டை நனைத்துக்கொண்டார். “கொஞ்சம் கட்டையான குரல். முதல் வரிசைக்காகப் பேசினாலும் கடைசி பெஞ்ச் வரைக்கும் கேக்கும். ‘ற’ வந்தா கொஞ்சம் அழுத்துவீங்க. சிரிக்கும்போது கனமா ஆரம்பிச்சு, முடியும்போது கீச்சுனு போயிடும்.”

‘கீச் என்றால்?’

அக்கா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு, அந்தக் கூடத்தில், அந்தச் சிரிப்பைச் சிரித்தார். ஹெட்ஃபோனில் நான் கேட்ட அதே சிரிப்பு. கனமாக எழுந்து, உடைந்து, கீச்சென்று முடிந்தது. ஜன்னலோரம் நின்றவர் சட்டென்று திரும்பினார். டீச்சரைப் பார்க்கவில்லை, அக்காவைப் பார்த்தார். பார்த்துவிட்டு முகத்தைச் சுவரில் பதித்துக்கொண்டார். டீச்சருக்குத் தோள் குலுங்கியது; கழுத்துத் துணி உள்ளேயும் வெளியேயும் அசைந்தது. காற்று மட்டும் வந்தது.

இறங்கும்போது படியில் அக்கா சொன்னார்: “அது இப்ப என் காதுல மட்டும்தாண்டா இருக்கு.”

அதற்குப் பிறகு அவர் மென்பொருளை அடியிலிருந்து திருத்தினார். அளவு வரும் இடம் அறுபத்து மூன்று. சிலவற்றில் ஆயிரம், சிலவற்றில் ஆயிரத்து இருபத்து நான்கு, இரண்டு இடங்களில் இரண்டையும் பெருக்கி ஒரு கலப்படம். எல்லாவற்றையும் எடுத்தார். உள்ளே எங்கும் முழு பைட் எண் மட்டும். அலகு என்பது திரையில் காட்டும்போது மட்டும். அங்கும் டெரா என்றால் ஆயிரத்தின் கணக்கு. இரண்டின் கணக்கு வேண்டுமென்றால் ‘டெபி’ என்று தனிப் பெயர் போட்டே ஆக வேண்டும். வெறும் ‘நான்கு’ என்று இட்டால் கட்டம் வாங்காது. டிஸ்க்கின் அளவை டிஸ்க்கிடமே கேட்கும். என் பகுதியும் மாறியது: ஒரு ஃபைல் தவறினாலும் நின்றுவிடும். எழுதியதைத் திரும்பப் படித்து ஒவ்வொரு பைட்டும் ஒத்துப்போனால்தான் அழிக்கும். அன்றிலிருந்து ஒரு ஃபைல்கூடத் தொலையவில்லை.

ஆனால் அக்கா வேறொரு சரிபார்ப்பையும் தொடங்கியிருந்தார். காலையில் பையை வைத்ததும் கண்ணை மூடி ஒரு நிமிடம் உட்காருவார். நாற்பத்தொன்றாவது வாக்கியத்தை டீச்சரின் குரலில் உள்ளே ஓடவிட்டுப் பார்ப்பார். பிறகு என்னிடம், “இன்னிக்கும் இருக்கு” என்பார். நான் தலையாட்டுவேன். இது மாதக்கணக்கில் நடந்தது. பேருந்தில் வரும்போது பின் சீட்டிலிருந்து அந்தக் குரல் கேட்பதாக ஒருமுறை சொன்னார். திரும்பிப் பார்ப்பதில்லையாம், பார்த்தால் போய்விடுமோ என்று பயமாம்.

ஒரு நாள் அவர் கணவர் எங்கள் லிஃப்டைப் பழுது பார்க்கும் சாக்கில் வந்து என்னைக் கீழே கூப்பிட்டார்.

“மாப்ளே, வீட்ல அவ தனியா பேசுறா. சமையல்கட்டுல, குழாயைத் திறந்து விட்டுட்டு. பேசுறது கூடப் பரவால்ல. அந்தக் குரல் அவளோடது இல்ல.” கையில் ஸ்பேனரைத் திருப்பிக்கொண்டே இருந்தார். “நேத்து பொண்ணு அழுதுட்டா. ‘அம்மா, அந்தக் குரல்ல பேசாதம்மா’ன்னு.”

நான் அக்காவிடம் கேட்டேன். அவர் மறைக்கவில்லை. “பழகிப் பாக்கிறேன். பழகாம விட்டா தேய்ஞ்சிடும்.” பிறகு, “நேத்து ‘த்’ இல்லாம வந்துச்சுடா. ‘கடை தெரு’ன்னு. அவங்க அப்படிச் சொல்லவே மாட்டாங்க” என்றார். தண்ணீர் கொடுத்தேன்.

டீச்சருக்கு மருத்துவமனை வேறு ஏற்பாடு செய்தது. பட்டியலில் இருந்த பொதுக் குரல்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொண்டார், ஏதோ ஓர் இளம் பெண்ணின் குரல். ஒன்றரை வருடம் கழித்து, யாரும் எதிர்பாராமல் எங்கள் அலுவலகத்துக்கு ஏறி வந்தார். கையில் ஒரு சின்னக் கருவி. தட்டினார், அது பேசியது.

“லிஃப்ட் ஓடவில்லை. புகார் கொடுங்கள்.”

எல்லோரும் சிரித்தோம். டீச்சரும் சத்தமில்லாமல் சிரித்தார். அந்தக் குரல் ‘ற’வை ‘ர’வாகச் சொல்கிறது என்று அக்காவிடம் புகார் சொன்னார். சரிசெய்ய முடியுமா என்று கேட்டார். அக்கா பார்க்கிறேன் என்றார். இருவரும் அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். அக்காவை அவ்வளவு லேசாக நான் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது. போகும்போது டீச்சர் அக்காவின் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை அக்கா கண்ணை மூடி உட்கார்ந்தார். ஒரு நிமிடம். இரண்டு. ஐந்து. எழுந்து வெளியே போனார். நான் பின்னால் போனேன். மாடிப்படித் திருப்பத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

“மெஷின் குரல்தான் வருது” என்றார். “எத்தனை தடவை கூப்பிட்டாலும் அந்தப் பொண்ணு குரல்தான் வருது. மேல எழுதிட்டாங்கடா.”

எனக்கும் அந்தச் சிரிப்பு நினைவில் இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். உண்மையில், எனக்கு நினைவிருந்தது டீச்சர் வீட்டுக் கூடத்தில் அக்கா சிரித்தது. அதைச் சொல்லவில்லை.

வீட்டில் அந்தப் பேச்சு நின்றுபோனது. மகள் நிம்மதியானாள். அக்கா முன்பைவிட அமைதியாகிவிட்டார். ‘எந்தக் கணக்குல’ மட்டும் போகவில்லை. டீச்சரோடு பழக்கம் தொடர்ந்தது. மாதம் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வருவார். ‘ற’வைச் சரி செய்து கொடுத்தார்.

இறந்துபோன அந்த ஒருவரைப் பற்றிச் சொல்லவில்லை. அவர் லாரி ஓட்டியவர். அறுவை சிகிச்சை முடிந்து ஐந்தாவது வாரம் போய்விட்டார். அவருக்கு இயந்திரக் குரல் தேவைப்படவில்லை. அவருடைய மனைவிக்குப் பதிவு தேவைப்பட்டது. மூன்று மணி நேரம் அவர் பேசியது எங்கோ இருக்கிறது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். நாங்கள் நேரில் போய் இல்லை என்று சொன்னோம். கேட்டுக்கொண்டார். ஆனால் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, காலை பதினொரு மணி வாக்கில் ஃபோன் செய்வார். அக்கா எடுத்துப் பேசுவார். ஒவ்வொரு முறையும் முதல் முறை சொல்வதுபோலவே, மெதுவாக, தவறு தன்னுடையது என்பதையும் சேர்த்துச் சொல்வார். எட்டு வருடம்.

போன வருடம் அக்கா வேலையை விட்டார். கணவருக்கு முட்டி வலி. மகள் இருக்கும் ஊருக்கே போய்விட்டார்கள். அவர் மேஜை ஃபோனை என் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டேன். மூன்றாவது வாரம் அது அடித்தது. மணி பதினொன்று பத்து.

“அந்தம்மா இல்லையா?”

“அவங்க ஊருக்குப் போயிட்டாங்கம்மா. நான் கூட வேலை செஞ்சவன்.”

“கிடைச்சுதாப்பா?”

“இல்லம்மா.” என்ன சொல்ல வேண்டும் என்று அக்காவிடமிருந்து எட்டு வருடமாகக் கேட்டிருக்கிறேன். “நாங்க அழிச்சுட்டோம்மா. அழிச்சது நான்தான்.”

மறுமுனையில் பாத்திரம் வைக்கும் சத்தம் கேட்டது.

“சரிப்பா, தேடிப் பாருங்க” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த இரண்டு டிஸ்க்குகளையும் அலமாரியிலிருந்து எடுத்து மாட்டினேன். சாப்பாட்டு நேரம் வரை தேடிக்கொண்டிருந்தேன்.